கரும்பு லோடு டிரெய்லருக்கு எந்த டயர்?

கேள்வி: மூன்று ஏக்கரில் கரும்பு வைத்திருக்கிறோம். எங்கள் கரும்போடு பக்கத்துக் காட்டுக்காரர்களின் கரும்பையும் என் வீட்டுக்காரர் டிராக்டரில் ஆலைக்கு ஓட்டுகிறார். நான்கு சக்கர டிரெய்லர். போன பருவத்தில் மட்டும் நான்கு முறை டயர் வெடித்தது. கடைசி முறை வண்டி பள்ளத்தில் சாய்ந்து, கூட வந்த கொழுந்தன் மகனுக்குக் கால் முறிந்துவிட்டது. பழைய டயர்களில் இரண்டுதான் தேறும். இந்தப் பருவத்துக்கு நகையை அடகு வைத்து 40,000 ரூபாய் எடுத்திருக்கிறோம். அதில் புது டயர் என்றால் இரண்டு வரும், ரீட்ரேட் டயர் என்றால் நான்கு வரும் என்கிறார் கடைக்காரர். எந்தக் கம்பெனி டயர் உழைக்கும்? ஆலை எடைச் சீட்டுகளின் நகலும், ஆர்.சி. புத்தக நகலும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

– ஒரு வாசகி, கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பதில்: எந்தக் கம்பெனி என்று கேட்கிறார் அந்தச் சகோதரி. ஆனால் டயர் ஏன் வெடித்தது என்பதற்கான விடை அவர் இணைத்திருக்கும் எடைச் சீட்டுகளிலேயே இருக்கிறது. நிகர எடை என்ற கட்டத்தில் குறைந்தது 8,600 கிலோ, கூடியது 9,400 கிலோ. சராசரியாக 9 டன் என்று வைத்துக்கொள்ளலாம். காலி டிரெய்லரின் எடை 2 டன் என்று ஆர்.சி. புத்தகம் சொல்கிறது. ஆக, நான்கு சக்கரங்கள் சுமந்தது 11 டன். ஒரு டயருக்கு 2,750 கிலோ.

மிஞ்சியிருக்கும் பழைய டயரின் பக்கவாட்டில் இருந்ததை அவர் அப்படியே பார்த்து எழுதி அனுப்பியிருக்கிறார்: 132 ஏ8. இது கம்பெனிக்காரர்கள் போடும் சங்கேத எண். 132 என்பது பாரக் குறியீடு. அந்த எண்ணுக்கு உரிய பாரம் 2,000 கிலோ. ஏ8 என்பது வேகக் குறியீடு. மணிக்கு 40 கிலோமீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் வரையில் 2,000 கிலோ தாங்கும் என்று கம்பெனி எழுதிக் கொடுத்த டயர் அது. அதன்மேல் 2,750 கிலோ ஏறியிருக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். எந்தக் கம்பெனி டயராக இருந்தாலும் இந்தப் பாரத்தில் ஒரு பருவம் தாங்குவது கஷ்டம்தான்.

அதிக பாரம் ஏறினால் டயர் உடனே வெடித்துவிடாது. அதனால்தான் பலரும் ஏமாந்துவிடுகிறார்கள். சக்கரம் சுற்றும்போது தரையில் படும் இடத்தில் டயரின் பக்கவாட்டு மடங்கி விரிகிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப மடக்கினால் அந்த இடம் சுடும் அல்லவா, அதே கதைதான். பாரம் கூடினாலும் காற்று குறைந்தாலும் மடங்கல் அதிகமாகும், சூடும் அதிகமாகும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் நைலான் நூலுக்கும் ரப்பருக்கும் உள்ள பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக விடும். வெளியே பார்த்தால் பட்டன் நன்றாகத்தான் இருக்கும். பத்தாவது லோடிலோ முப்பதாவது லோடிலோ ஒரு சின்னக் குழியில் இறங்கும்போது வெடிக்கும். குழியின் மேல்தான் பழி விழும்.

ஆகவே கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை, டிரெய்லரை எடை மேடையில் ஏற்றுவது. ஆலைச் சீட்டில் இருப்பது கரும்பின் எடைதான். அச்சு அச்சாக எவ்வளவு பாரம் இறங்குகிறது என்பது அதில் தெரியாது. லோடு ஏற்றிய வண்டியைத் தனியார் எடை மேடைக்குக் கொண்டுபோய், டிராக்டரை மேடைக்கு வெளியே முன்னால் நிறுத்தி, டிரெய்லரின் நான்கு சக்கரமும் மேடையில் இருக்கும்படி ஓர் எடை எடுக்க வேண்டும். பிறகு வண்டியை முன்னால் நகர்த்தி, பின் அச்சு மட்டும் மேடையில் நிற்கும்போது இன்னோர் எடை. முதல் எடையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் முன் அச்சின் பாரம் வந்துவிடும். எடை போடும் கூலி ஒரு டியூப் பஞ்சர் ஒட்டும் செலவை விட அதிகமாக இருக்காது. கரும்புக் கட்டுகளைப் பின்பக்கம் நீட்டி அடுக்கும் வண்டிகளில் பின் அச்சு அதிகமாகச் சுமப்பது வழக்கம். நான்கு சக்கரத்துக்கும் சமமாக வகுத்து நிம்மதியாக இருப்பவர்களுக்கு இந்தச் சீட்டைப் பார்த்தால் தூக்கிவாரிப் போடும்.

அடுத்து ஆர்.சி. புத்தகம். அந்தச் சகோதரி அனுப்பிய நகலில் டிரெய்லரின் மொத்த எடை, அதாவது காலி எடையும் பாரமும் சேர்த்து, 8 டன் என்று இருக்கிறது. சட்டப்படி 6 டன் கரும்புதான் ஏற்றலாம். இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. அச்சு, பேரிங், ஸ்பிரிங் பட்டை, இழுவைக் கொக்கி எல்லாமே அந்த எடையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. பெரிய டயரைப் போட்டால் டயர் தாங்கிவிடும். அதற்கடுத்து பேரிங் உடையும், இல்லையென்றால் அச்சு வளையும். விபத்து நடந்த அன்று அதிக பாரம் இருந்தது தெரிந்தால் இன்சூரன்ஸ் விவகாரமும் சிக்கலாகும்.

இப்படிச் சொல்வது எளிது. லோடு வாடகை டன் கணக்கில் கிடைக்கும்போது, 9 டன் ஏற்றிய இடத்தில் 6 டன் ஏற்று என்றால் அந்தக் குடும்பத்துக்குக் கசக்கத்தான் செய்யும். இரண்டு நடையில் முடிந்த கரும்புக்கு மூன்று நடை வேண்டும். டீசல் கூடும், ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் நேரமும் கூடும். ஆனால் எதிர்ப் பக்கத்திலும் ஒரு கணக்கு உண்டு. போன பருவத்தில் வெடித்த நான்கு டயர், நடுரோட்டில் கரும்பை இறக்கி ஏற்றிய கூலி, காய்ந்துபோன கரும்பில் குறைந்த எடை, ஆஸ்பத்திரிச் செலவு, கால் கட்டோடு கிடந்த பையன் இழந்த வேலை நாட்கள். இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கூட்டி, மூன்றாவது நடையின் டீசல் செலவுக்கு எதிரே வைத்துப் பார்த்தால், எது அதிகம் என்பதை அந்த வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளலாம்.

சரி, 8 டன் என்று நிறுத்திக்கொண்டால் எந்த டயர் வேண்டும்? சமமாகப் பிரித்தால் சக்கரத்துக்கு 2,000 கிலோ. ஆனால் சமமாகப் பிரியாது. உதாரணமாகப் பின் அச்சில் 4,600 கிலோவும் முன் அச்சில் 3,400 கிலோவும் இருப்பதாக எடை மேடை சொன்னால், பின் டயர் ஒவ்வொன்றும் 2,300 கிலோ சுமக்கிறது. முன் டயர் 1,700 கிலோ. பின்னால் பாரக் குறியீடு 140 உள்ள டயர் வேண்டும். அந்த எண்ணுக்கு 2,500 கிலோ. முன்னால் இப்போது இருக்கும் 132 குறியீட்டு டயரே போதும், கையிருப்பாக 300 கிலோ தாங்கும் சக்தியும் மிஞ்சும்.

எனவே 40,000 ரூபாய்க்கு நான்கு ரீட்ரேட் டயர் வேண்டாம். இரண்டு புது டயர் வாங்கிப் பின் அச்சில் மாட்டிவிட்டு, தேறிய பழைய இரண்டையும் முன் அச்சுக்குக் கொண்டுவருவதுதான் சரியான வழி. ஒரு நிபந்தனை உண்டு. பழைய டயர் இரண்டையும் ரிம்மிலிருந்து கழற்றி உள்பக்கம் பார்க்க வேண்டும். அவையும் 2,750 கிலோ சுமந்த டயர்கள்தாம். உள்ளே கை வைத்துத் தடவும்போது நூல் தெரிந்தாலோ, சுருக்கம் அல்லது கருகின பொடி இருந்தாலோ, பக்கவாட்டில் எங்காவது உப்பியிருந்தாலோ அந்த டயர் தேறாது. பெரிய ஓட்டையை மறைக்க உள்ளே கெயிட்டர் வைத்து ஒட்டியிருந்தால், அதுவும் பார வண்டிக்கு ஆகாது.

ரீட்ரேட் டயர் என்றாலே மட்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. லாரிகளிலும் பஸ்களிலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நல்ல உடம்பு உள்ள டயரை, அதன் சொந்தக்காரர் ஒரு ஒழுங்கான பட்டறையில் கொடுத்துப் பட்டன் போட்டு வாங்கினால், அது உழைக்கும். கடையில் அடுக்கி வைத்திருக்கும் ரீட்ரேட் டயரில் உள்ள சிக்கல், அதன் பூர்வீகம் யாருக்கும் தெரியாது என்பதுதான். எந்த லாரியில் எத்தனை டன் சுமந்தது, காற்றில்லாமல் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை மேலே ஒட்டிய புதுப் பட்டன் மறைத்துவிடும். சொந்த டயர் என்றால் தைரியமாக ரீட்ரேட் செய்யலாம். யாருடையது என்று தெரியாத டயரில் அடகுப் பணத்தைப் போட வேண்டாம்.

கடையில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. பக்கவாட்டில் அளவு இருக்கும். 9.00-16 என்றால் அகலம் 9 அங்குலம், ரிம்மின் விட்டம் 16 அங்குலம். அதே ரிம்மில் அதே அளவு டயர்தான் உட்கார வேண்டும். 'கொஞ்சம் பெரிசு, சேர்த்து அடிச்சிடலாம்' என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது. அருகிலேயே 16 பி.ஆர். என்பதுபோல ஒன்று இருக்கும். ஒரு காலத்தில் உள்ளே எத்தனை அடுக்குப் பருத்தித் துணி என்பதைக் குறித்த எண் அது. இப்போது துணியும் இல்லை, அத்தனை அடுக்கும் இல்லை. வலுவுக்கான அடையாளமாக மட்டும் எண் நிற்கிறது. ஒரே அளவில் 14 பி.ஆர்., 16 பி.ஆர். என்று இரண்டு இருந்தால் 16 அதிகம் தாங்கும், ஆனால் அதற்குத் தகுந்த காற்றும் அதிகம் வேண்டும். பாரக் குறியீடு போடாத டயர்களில் அதிகபட்ச பாரம் கிலோவிலும், அதற்கான காற்றழுத்தம் பி.எஸ்.ஐ. கணக்கிலும் எழுதப்பட்டிருக்கும். இரண்டும் இல்லை என்றால் கம்பெனியின் பாரப் பட்டியலைக் காட்டும்படி கடைக்காரரிடம் கேட்கலாம். காட்டாதவரிடம் வாங்காமல் வந்துவிடலாம்.

லாரி டயர் சிலவற்றில் 146/143 என்று இரண்டு எண் இருக்கும். முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு, 3,000 கிலோ. அடுத்தது ஜோடியாக மாட்டும் சக்கரத்துக்கு, டயர் ஒவ்வொன்றுக்கும் 2,725 கிலோ. ஜோடியில் ஏன் குறைகிறது என்றால், இரண்டும் எப்போதும் சமமாகச் சுமப்பதில்லை. ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்று ஜோடி போட்டால் உயரமான டயரே பெரும் பாரத்தையும் வாங்கிக்கொள்ளும். ஜோடிச் சக்கர டிரெய்லர் வைத்திருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. ஜோடிக்கு நடுவில் சிக்கும் கல்லையும் அவ்வப்போது தட்டி எடுக்க வேண்டும்.

தயாரித்த தேதியும் டயரிலேயே இருக்கிறது. நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்க எண். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு வருடத்தையும் சொல்லும். 2723 என்றால் 2023-ம் வருடம் 27-வது வாரம். வெயிலில் கிடந்த டயரும், பல வருடம் கடைக் குடோனில் கிடந்த டயரும் ஓடாமலேயே கிழடாகிவிடும். பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தால் விலை குறைத்துத் தந்தாலும் வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும், எண் போட்ட பில்லும் அவசியம். பில் இல்லாமல் வாங்கினால் உத்தரவாதம் கேட்க வழியில்லை.

நைலான் டயரா, ரேடியலா என்பது அடுத்த கேள்வியாக வரும். தார்ச் சாலையில் ரேடியல் சூடு குறைவாக ஓடும், தேய்மானமும் குறைவு. ஆனால் அதன் பக்கவாட்டு மெலிதானது. கரும்புக் காட்டுக்குள் இறங்கி லோடு ஏற்றும் டிரெய்லருக்கு வெட்டிய கரும்புக் கட்டை கத்தி மாதிரி நிற்கும். வரப்போரத்தில் வேலிக்காத்தான் முள் வேறு. அந்த இடத்தில் கனத்த பக்கவாட்டு உள்ள நைலான் டயர்தான் அடி தாங்கும். வயலுக்குள் போகாமல் ரோட்டோரத்திலேயே நின்று லோடு ஏற்றும் வண்டிக்கு ரேடியல் நல்லது. ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலான், மறு பக்கம் ரேடியல் என்று மட்டும் போடக் கூடாது.

பட்டன் வடிவத்திலும் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. டிராக்டரின் பின் டயரைப்போல முரட்டுப் பட்டன் உள்ளதைத் தேடி டிரெய்லருக்கு வாங்குகிறார்கள். டிராக்டரின் பின் சக்கரம் மண்ணைப் பிடித்துத் தள்ள வேண்டும், அதற்கு அந்தப் பட்டன் தேவை. டிரெய்லர் சக்கரம் எதையும் தள்ளுவதில்லை. இழுத்த இழுப்புக்கு உருளுகிறது. அதற்கு நேர்வரியாக ஓடும் பட்டன் போதும். எளிதாக உருளும், டீசலும் கொஞ்சம் மிஞ்சும்.

இனி காற்று. டயர் வாங்கும்போது காட்டும் அக்கறையில் பாதியைக் காற்றில் காட்டினால் போதும். டிராக்டரின் பின் டயர் காட்டு வேலைக்கு 12 முதல் 14 பி.எஸ்.ஐ. அளவில் ஓடும். டிரெய்லர் டயருக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும். எவ்வளவு என்பது அதன் பக்கவாட்டிலேயே இருக்கிறது. காலால் உதைத்துப் பார்த்து, கம்பியால் தட்டிச் சத்தம் கேட்டு முடிவு செய்வது இந்த அழுத்தத்தில் பலிக்காது. பாதிக் காற்று இறங்கிய டயரும் கல் மாதிரிதான் இருக்கும். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி டிராக்டர் டூல் பெட்டியில் போட்டுவைக்க வேண்டும். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதுதான் சரியான அளவு. ஓடி வந்த டயரில் சூட்டினால் அழுத்தம் ஏறியிருக்கும். 'காத்து அதிகமாயிருச்சு' என்று அப்போது இறக்கிவிட்டால், மறுநாள் காலை அது குறைந்த காற்று டயர். இந்த ஒரு பழக்கம் கெடுத்த டயர்கள் ஏராளம்.

வழியில் டீக்கடையில் நிறுத்தும்போது நான்கு டயரையும் புறங்கையால் தொட்டுப் பார்க்கலாம். மூன்று ஒரே மாதிரியும் ஒன்று மட்டும் கூடுதல் சூடாகவும் இருந்தால், அந்தச் சக்கரத்தில் காற்று இறங்கியிருக்கும் அல்லது பேரிங் இறுகியிருக்கும். அந்த நேரத்தில் கண்டுபிடித்தால் நூறு, இருநூறு ரூபாயோடு போய்விடும்.

காற்றடிக்கும்போது ஒரு எச்சரிக்கை, குறிப்பாக வீட்டு வாசலில் கம்ப்ரஸர் வைத்திருப்பவர்களுக்கு. காற்றிறங்கியபடியே லோடோடு ஓடிய டயரில் அப்படியே காற்றடிக்கக் கூடாது. கழற்றி உள்ளே பார்த்த பிறகுதான். பக்கவாட்டு நூல் அறுந்திருந்தால் காற்றேறும்போதே கிழித்துக்கொண்டு வெடிக்கும். வளையம் போட்டுப் பூட்டும் லாக் ரிங் வகை ரிம்மில் வளையம் சரியாக உட்காராவிட்டால் குண்டுபோலப் பறந்து வரும், உயிர்ச்சேதம் ஏற்பட்டிருக்கிறது. சக்கரத்தைச் சங்கிலியால் கட்டி, நீளமான ஹோஸ் மாட்டி, எதிரே நிற்காமல் ஓரமாக நின்று அடிக்க வேண்டும். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது.

காலொடிந்த பையனைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிராக்டரில் ஓட்டுநருக்கு மட்டும்தான் இருக்கை. மட்கார்டிலும், இழுவைக் கம்பியிலும், கரும்பு லோடின் மேலும் ஆள் உட்கார்ந்து போவது ஊரெங்கும் பழகிப்போய்விட்டது. புது டயரும் வெடிக்கலாம். லோடு ஏற்றி இறக்க வரும் ஆட்கள் தனி வண்டியில் வரட்டும். டிரெய்லருக்கு பிரேக் இல்லை என்றால் இறக்கமான இடங்களில் டிராக்டரை அது பின்னாலிருந்து தள்ளும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து இறங்க வேண்டும், நியூட்ரலில் விடக் கூடாது. பின்பக்கம் ஒளிரும் பட்டையும் எரியும் விளக்கும் இல்லாமல் இரவில் ஆலைக்குக் கிளம்ப வேண்டாம்.

கேள்வி: லோடு இழுக்கும்போது டிராக்டர் சக்கரம் வழுக்குகிறது. பின் டயரில் தண்ணீர் நிரப்பச் சொல்கிறார்கள். டயர் கெடாதா?

– ஒரு வாசகர், கடலூர் மாவட்டம்.

பதில்: கெடாது. வால்வை மேலே வரும்படி நிறுத்தி, அந்த மட்டம் வரை, அதாவது முக்கால் பங்கு நிரப்பலாம். மீதிக் கால் பங்கில் காற்று இருந்தாக வேண்டும். முழுக்க நிரப்பினால் டயருக்கு மெத்தைத்தன்மை போய்விடும், குழியில் விழும் அடி நேராக டயருக்கும் அச்சுக்கும் போகும். குளிர் நாடுகளில் தண்ணீர் உறையாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். இங்கே அது வேண்டியதில்லை, சாதாரணத் தண்ணீர் போதும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும். காற்றழுத்தம் பார்க்கும்போதும் வால்வு மேலே இருக்கட்டும், இல்லையென்றால் கேஜுக்குள் தண்ணீர் போகும்.

லோடு ஓட்டம் முடிந்து உழவுக்கோ சேற்றுழவுக்கோ டிராக்டரை இறக்கும் முன் தண்ணீரை வடித்துவிட வேண்டும். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்ற கணக்கில் அத்தனை எடையும் வயலை மிதித்து மண்ணை இறுக்கும். இன்னொன்று, பட்டன் தேய்ந்து வழுக்கும் டயருக்குத் தண்ணீர் மருந்தல்ல. முதலில் பட்டன் உயரத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீருக்குப் போகலாம்.